டொமாட்டியோ: பூ நிறைய, காய் இல்லை – தோட்டத்திலும் அடுப்பிலும் வரும் சிக்கல்களுக்கு வழி

டெக்சாசில் மெக்சிகன் கடை இல்லாத ஊர் கிடையாது. அந்தக் கடைகளில் காகித உறைக்குள் ஒளிந்திருக்கும் பச்சைக் காயைப் பார்த்திருப்பீர்கள். சல்சா வெர்தே என்ற பச்சைச் சட்னிக்கு அதுதான் அடிப்படை. டாலஸ் பக்கம் வீடு வாங்கிய தமிழர்கள் பலர் பின்கட்டில் கத்தரி, மிளகாய், வெண்டையோடு இதையும் நட்டுப் பார்க்கிறார்கள். ஜூன் மாதம் வந்ததும் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்: "செடி ஆள் உயரம் வந்துவிட்டது, பூ கொட்டுகிறது, காயே இல்லையே?"

டொமாட்டியோவும் தக்காளியும் ஒரே குடும்பம்தான். ஆனால் தக்காளிக்குச் செய்வதை எல்லாம் இதற்கும் செய்தால் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நம் ஊர் வயல் வரப்பில் தானாக முளைக்குமே சொடக்குத் தக்காளி, சிறுவர்கள் நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்பார்களே, அதுதான் இதற்கு நெருங்கிய சொந்தம். இரண்டுமே பைசாலிஸ் இனம். மெக்சிகோவில் மக்காச்சோள வயல்களுக்குள் இது காட்டுச்செடியாகவும் பயிராகவும் பல நூறு ஆண்டுகளாக வளர்ந்து வருகிறது. அந்த வயலில் ஒற்றைச் செடியாக இது நின்றதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் சிக்கலுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் தெரிவது எது என்று பார்த்து நேராக அங்கே போகலாம்.

பூத்துக் குலுங்குகிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை

முதல் கேள்வி: எத்தனை செடி வைத்திருக்கிறீர்கள்?

ஒன்று என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். டொமாட்டியோ பூவில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. ஆனாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே செடியின் மகரந்தம் சூல்முடியில் விழுந்தால், செடி அதை அடையாளம் கண்டு மேலே வளர விடாமல் தடுத்துவிடும். இது பிறவிக் குணம். உரம் போட்டோ, செடியை உலுக்கியோ, மருந்து தெளித்தோ மாற்ற முடியாது. தக்காளிப் பூவை விரலால் தட்டிவிட்டால் காய் பிடிக்கும், இங்கே அந்த வித்தை செல்லாது.

ஆக, குறைந்தது இரண்டு செடி வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்வது மூன்று அல்லது நான்கு. காரணம் இருக்கிறது. ஒரே காயிலிருந்து வந்த இரண்டு உடன்பிறந்த நாற்றுகள் சில சமயம் ஒரே தடைக்குணத்தைச் சுமந்திருக்கும். அப்படி அமைந்தால் ஒன்றின் மகரந்தத்தை மற்றது ஏற்காது. மூன்று நான்கு செடி இருந்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இல்லை. வேறு வேறு ரகமாக இருந்தாலும் பரவாயில்லை. பச்சை ரகமான டோமா வெர்தே ஒன்று, ஊதா ரகம் ஒன்று என்று வைத்தால் ஒன்றுக்கொன்று நன்றாகவே சேரும்.

இன்னொரு விஷயம். ஒரு செடியின் கிளையை வெட்டி வேர்விடச் செய்து "இப்போது இரண்டு இருக்கிறதே" என்றால் கணக்கில் வராது. அது அதே செடிதான், மகரந்தமும் அதேதான். விதையிலிருந்து வந்த தனித்தனி நாற்றுகளாக இருக்க வேண்டும். நாற்றுக் கடையில் வாங்கும்போது தொட்டியை உற்றுப் பாருங்கள். ஒரே தொட்டியில் இரண்டு தண்டு தனித்தனியாக மண்ணிலிருந்து கிளம்பியிருந்தால் அவை இரண்டு செடி. வேரைச் சிதைக்காமல் மெல்லப் பிரித்து, மூன்றடி இடைவெளியில் நட்டுவிடுங்கள்.

செடி பெரிதாகிவிட்டது, இனி எங்கே போவது என்கிறீர்களா? இரண்டு வழி இருக்கிறது. இப்போதே இன்னொரு நாற்று வாங்கி நடுங்கள். சீக்கிரமே பூத்துவிடும், முதல் செடியும் அதுவரை பூத்துக்கொண்டேதான் இருக்கும். அல்லது டொமாட்டியோ வளர்க்கும் நண்பர் வீட்டிலிருந்து காலையில் மலர்ந்த பூ சிலவற்றைப் பறித்து வந்து, அவற்றின் மகரந்தப் பைகளை உங்கள் செடியின் பூ நடுவில் தடவுங்கள். ஒரு பூவால் மூன்று நான்கு பூவைத் தொடலாம்.

சரி, இரண்டாவது கேள்வி: மூன்று செடி இருந்தும் பூ மட்டும் உதிர்கிறதா?

அப்படியென்றால் வெயிலைப் பாருங்கள். பகல் 95 டிகிரி பாரன்ஹீட்டை (35 செல்சியஸ்) தாண்டி, இரவும் குளிராமல் போனால் மகரந்தம் கெட்டுவிடும். பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் வட்டாரத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் இப்படித்தான். அந்த நேரத்தில் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள், வேரடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ கனமாக மூடாக்குப் போடுங்கள், தண்ணீரை விடாமல் கொடுங்கள். செடி சும்மா நிற்பதுபோல் தெரியும், செப்டம்பரில் வெப்பம் தணிந்ததும் மறுபடி காய்க்கத் தொடங்கும். எங்கள் பக்கம் முதல் உறைபனி வர நவம்பர் பின்பாதி ஆகும் என்பதால் இலையுதிர்கால அறுவடைதான் பல வீடுகளில் பெரிய அறுவடை.

மூன்றாவது: தேனீ வருகிறதா? காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றுக்குள் ஒரு காபியோடு செடி பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பூ மஞ்சளாக, நடுவில் கரும்பழுப்புப் புள்ளிகளோடு தலை கவிழ்ந்திருக்கும். பம்பிள் பீ எனப்படும் உருண்டையான பெரிய தேனீக்களும், சிறு காட்டுத் தேனீக்களும் கீழிருந்து தொற்றிக்கொண்டு மகரந்தம் எடுக்கும். ஒன்றுகூட வரவில்லை என்றால், பக்கத்தில் பூச்சிமருந்து தெளிக்கிறார்களா என்று விசாரியுங்கள். துளசியைப் பூக்க விடுங்கள், ஒரு சூரியகாந்தி வையுங்கள். அதுவரை கையால் சேர்க்கலாம். சின்ன ஓவியத் தூரிகையால் முதல் செடிப் பூவில் தொட்டு இரண்டாவது செடிப் பூவில் தடவுங்கள், பிறகு அங்கிருந்து இங்கே. செடி மாறித் தடவ வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இந்த மூன்றும் சரி, பூவே குறைவு, இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்திருக்கிறது என்றால் தழைச்சத்து அதிகமாகிவிட்டது. புல்தரைக்குப் போடும் உரம் பாத்திப் பக்கம் சிதறியிருக்கலாம். உரத்தை நிறுத்துங்கள், தானாகச் சரியாகும். நடும்போது போட்ட மக்கிய எருவே இந்தச் செடிக்குப் பெரும்பாலும் போதும்.

உறை ஊதியிருக்கிறது, அழுத்தினால் உள்ளே காலி

பதற வேண்டாம். இந்தச் செடியில் உறைதான் முதலில் பெரிதாகும். காய் அதற்குள் பட்டாணி அளவில் ஒளிந்துகொண்டு, அப்புறம்தான் பருக்கத் தொடங்கும். உறை முழு அளவுக்கு வந்த பிறகும் காய் அதை நிரப்பப் பல வாரம் எடுக்கும். விரலால் மெல்ல அழுத்தி, உள்ளே கெட்டியாகச் சின்ன உருண்டை தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் காத்திருங்கள். உறையைக் கிழித்துப் பார்ப்பது மட்டும் கூடாது. கிழிந்த உறைக்குள் வெயிலும் பூச்சியும் நுழைந்துவிடும்.

உறை சின்னதாகவே நின்று பழுப்பாகக் காய்ந்துவிட்டால், அந்தப் பூவில் சேர்க்கை சரியாக நடக்கவில்லை, அல்லது வெயில் சுட்டுவிட்டது. மேலே சொன்னவற்றையே பாருங்கள். காய் வளர்கிறது, ஆனால் கோலிக்குண்டு அளவைத் தாண்டவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர்க் குறை. வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்பது மிதமான காலத்துக்கான கணக்கு. டெக்சாஸ் கோடையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு அங்குல ஆழத்தில் மண் உலர்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள்.

ரகத்தையும் பார்க்க வேண்டும். பர்ப்பிள் டி மில்பா போன்ற ரகங்களின் காயே சின்னது. அது குறையல்ல, சுவை அதில்தான் அதிகம்.

உறையில் வட்ட ஓட்டை, உள்ளே கழிவு

பைசாலிஸ் செடிகளையே நம்பி வாழும் ஒரு அந்துப்பூச்சி அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. அதன் புழு உறையில் ஓட்டை போட்டு உள்ளே நுழைந்து, அங்கேயே தங்கிக் காயைக் குடையும். உறையே அதற்குக் கூரை என்பதால் வெளியிலிருந்து தெளிக்கும் எதுவும் அதைத் தொடாது. ஓட்டை விழுந்த உறைகளை அன்றன்றே பறித்து, பையில் கட்டி வெளியேற்றுங்கள். கீழே விழுந்தவற்றையும் விடாதீர்கள். புழு உள்ளே புகுவதற்கு முன், முட்டை பொரித்த நேரத்தில் மட்டும்தான் பி.டி. என்ற நுண்ணுயிர் மருந்து வேலை செய்யும். ஓட்டையைப் பார்த்த பிறகு தெளிப்பதால், அந்தக் காயைப் பொறுத்தவரை பயனில்லை.

இலை சல்லடை ஆகிவிட்டது, அடியில் அழுக்குப் போல ஏதோ ஒட்டியிருக்கிறது

அந்த அழுக்குக்கு உயிர் இருக்கிறது. மூன்று கோடு வண்டு என்பதன் புழு அது. தாய் வண்டு ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில், முதுகில் மூன்று கறுப்புக் கோடுகளோடு அழகாகவே இருக்கும். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக வைக்கும். பொரித்து வரும் புழு தன் கழிவையே முதுகில் சுமந்துகொண்டு நடக்கும், எதிரிகள் நெருங்காமல் இருக்க அதுதான் அதன் தந்திரம். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் ஒழிப்பது எளிது.

தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் கொத்தை விரலால் நசுக்குங்கள். வண்டையும் புழுவையும் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டி விடுங்கள். இளம் செடியாக இருந்தால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, ஒரு கொத்து முட்டை பொரித்தால் நாற்றை மொட்டையாக்கிவிடும். இங்கே பலர் செய்வது என்னவென்றால், புழு என்றதும் பி.டி. வாங்கி அடிக்கிறார்கள். கம்பளிப்புழுவுக்கு அடிக்கும் அந்த வகை பி.டி. வண்டுப் புழுவை ஒன்றும் செய்யாது. காசும் நாளும்தான் வீண். கைமீறிப் போனால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அது ஈரமாக இருக்கும்வரை தேனீக்கு நஞ்சு. தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, மாலை மங்கும் நேரத்தில், பூவில் படாமல் இலையடியில் மட்டும் தெளியுங்கள். இந்தச் செடிக்குத் தேனீ இல்லாவிட்டால் காயே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இலையில் குண்டூசி குத்தியது போலச் சின்னச் சின்ன துளைகள் என்றால் அது வேறு. எள்ளளவு கறுப்பு வண்டு, தொட்டால் தெறித்துக் குதிக்கும். வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். நாற்றுக்கு மட்டும் மெல்லிய வலைத்துணி போர்த்துங்கள், பூக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடி இலைகள் முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை, அல்லது வேரடியில் தண்ணீர் தேங்குகிறது. கொழுந்து இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. டாலஸிலிருந்து தெற்கே ஆஸ்டின் வரை ஓடும் பிளாக்லேண்ட் மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மண்ணைப் போன்றதே. கறுப்பு, களி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்பு கலந்த கார மண். இரும்பு மண்ணில் இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாது. டொமாட்டியோவுக்கு ஆறிலிருந்து ஏழு வரை பிஎச் (மண்ணின் அமில-கார அளவு) இருந்தால் போதும், இங்கே ஏழரைக்கு மேல் சாதாரணமாகப் போகிறது. அதனால்தான் மேட்டுப்பாத்தி கட்டி, வாங்கிய மண்ணும் மக்கிய எருவும் கலந்து நடச் சொல்கிறேன். ஏற்கெனவே நேர்மண்ணில் நட்டுவிட்டவர்கள் கார மண்ணுக்கென்றே வரும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பை வேரடியில் ஊற்றலாம். இரும்பு சல்பேட் இந்த மண்ணில் சீக்கிரமே செயலிழந்துவிடும்.

மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து இலை சுருண்டால் அது வைரஸ். மருந்து கிடையாது. அந்தச் செடியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். கையையும் கத்தரிக்கோலையும் கழுவிவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள்.

செடி பரந்து சாய்கிறது, கிளை முறிகிறது

சாதாரணம்தான். மூன்று நான்கு அடி உயரம் வளர்ந்து, அதே அளவு பக்கவாட்டிலும் படரும். கிளைகள் உள்ளீடற்றவை, காய்ப்பாரம் தாங்காது. நட்ட அன்றே தக்காளிக் கூண்டு வைத்துவிடுங்கள். முறிந்த பிறகு கட்டுவது வேலைக்கு ஆகாது.

காய் தானாகக் கீழே விழுகிறது. கெட்டுப்போனதா, பழுத்ததா?

உறை வைக்கோல் நிறமாகி, காய் அதை முட்டிக்கொண்டோ கிழித்துக்கொண்டோ இருந்தால் அது முதிர்ந்த காய். விழுவது இதன் இயல்பு. தினம் ஒருமுறை செடியடியில் பொறுக்குங்கள். உறை பச்சையாக, தளர்வாக இருக்கும்போதே விழுந்தால் வெயிலோ தண்ணீர்க் குறையோ காரணம். அந்தக் காய்களைச் சமைக்க வேண்டாம். முதிராத காயில் கசப்பு அதிகம், வயிற்றுக்கும் ஆகாது.

சல்சாவுக்குப் பறிக்கும் பதம்: உறை நிரம்பியிருக்க வேண்டும், காய் இன்னும் பச்சையாகக் கல் மாதிரி இருக்க வேண்டும். மஞ்சளாகும்வரை விட்டால் புளிப்பு இறங்கி இனிப்பு ஏறும். சாப்பிடலாம், தவறில்லை, ஆனால் சல்சாவின் உயிரே அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. ஊதா ரகம் ஊதாவாக மாறவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். உறை பிரிந்து வெயில் பட்ட பக்கம்தான் நிறம் ஏறும். நிழலில் இருந்த பக்கம் பச்சையாகவே நிற்கும்.

பறித்ததை உறையோடு காகிதப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும். பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிறைய வந்துவிட்டால் உறை நீக்கிக் கழுவி, ஈரம் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வைத்துப் பிறகு பையில் கொட்டிக்கொள்ளலாம். உறைந்த காய் தளர்ந்துபோகும், பச்சையாக அரைக்க ஆகாது, கொதிக்க வைக்கும் எதற்கும் நன்றாக இருக்கும்.

உறையை உரித்தால் கை பிசுபிசுக்கிறது

காயே சுரக்கும் பொருள் அது. பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் காவல். நமக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கசக்கும், அதனால் கழுவியே ஆக வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் உறையோடு ஐந்து நிமிடம் ஊறவிட்டு உரித்தால் சுலபமாக வந்துவிடும். உரித்த பிறகும் காம்புப் பக்கம் விரலால் தேய்த்துக் கழுவுங்கள், பிசின் அதிகம் தங்குவது அங்கேதான். உறை, இலை, தண்டு எதையும் சாப்பிடக் கூடாது.

சல்சா கசக்கிறது, அல்லது புளிப்பு தாங்க முடியவில்லை

சமையலில் வரும் புகார்களில் இதுதான் முதலிடம். முதலில் அடிப்படை அளவைச் சொல்கிறேன். 450 கிராம் டொமாட்டியோ, அதாவது நடுத்தர அளவில் பத்துப் பன்னிரண்டு காய். இரண்டு செரானோ மிளகாய், வெள்ளை வெங்காயம் பாதி, ஒரு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி தண்டோடு, உப்பு முக்கால் தேக்கரண்டி. மெக்சிகோ வீடுகளில் இதை மூன்று விதமாகச் செய்வார்கள்: பச்சையாக அரைப்பது, வேகவைத்து அரைப்பது, சுட்டு அரைப்பது. மூன்றிலும் தவறு நடக்கும் இடம் வேறு வேறு.

பச்சையாக அரைத்தது கசந்தால் காய் சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது முதிரவில்லை.

வேகவைத்தது நீர்த்துப் புளிப்பு மட்டும் நின்றால், காய் வெடிக்கும்வரை கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். தண்ணீரில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். பளீர் பச்சை மெல்ல மாறி ஆலிவ் பச்சைக்கு வரும். எட்டுப் பத்து நிமிடத்தில், தோல் இன்னும் முழுசாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் விடுங்கள். உள்வரை வெந்துவிடும், வெடிக்காது. அரைக்கும்போது அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், காயிலேயே வேண்டிய நீர் இருக்கிறது.

சுட்டது கசந்தால் பெரும்பாலும் குற்றம் டொமாட்டியோவுடையது அல்ல, பூண்டுடையது. பூண்டைத் தோலோடு சுட வேண்டும். தோல் கருகினால் பரவாயில்லை, பல் கருகினால் முழுச் சட்னியும் போயிற்று. காயைத் தோசைக்கல்லில் புரட்டிப் புரட்டிச் சுடுங்கள், அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து காய் தளர்ந்தால் போதும். மெக்சிகோவில் இதற்குக் கோமால் என்ற தட்டையான கல் உண்டு. நம் இரும்புத் தோசைக்கல் அதற்கு ஒரு குறையும் இல்லாத மாற்று.

எந்த விதத்தில் செய்தாலும் புளிப்பு மிஞ்சினால், முதலில் உப்பைச் சரிபாருங்கள். பலருக்கு உப்புப் போதாததுதான் காரணம். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்யுங்கள்: சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, அரைத்ததை ஒரே தடவையில் 'சொய்ங்' என்று ஊற்றி, ஐந்தாறு நிமிடம் கிளறி வற்ற விடுங்கள். கூர்மையான புளிப்பு அடங்கி உருண்டு வரும். எஞ்சிலாதாஸ் வெர்தேஸ், சிலாக்கிலேஸ் என்ற மெக்சிகன் சோள ரொட்டிப் பதார்த்தங்களுக்கு ஊற்றும் சாறு இப்படித் தாளித்ததுதான், நேரடியாக மிக்சியிலிருந்து வந்தது அல்ல. கோழி வேகவைத்த சாறு அரைக் கோப்பை சேர்த்தால் இன்னும் மிருதுவாகும். சர்க்கரை ஒரு சிட்டிகை போதும், அதுவும் கடைசி வழியாக. எலுமிச்சை பிழிவதை இங்கே விட்டுவிடுங்கள்.

பச்சை நிறம் போய் மண் நிறமாகிறது

புளிப்பும் சூடும் சேர்ந்தால் பச்சையம் நிற்காது. அதைத் தடுக்க முடியாது, ஈடுகட்டலாம். மெக்சிகோவின் குரேரோ மாநிலத்தில் செய்யும் பொசோலே வெர்தே என்ற சோளக் குழம்பு பளிச்சென்று பச்சையாக இருப்பதற்கு டொமாட்டியோ மட்டும் காரணமல்ல. பூசணி விதையோடு பச்சிலைகளையும் அரைத்துச் சேர்ப்பார்கள். வீட்டில் கொத்தமல்லியை வேகவைக்காமல் கடைசியில் அரைத்துக் கலந்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். லெட்டூஸ் இலை இரண்டோ முள்ளங்கி இலையோ சேர்த்து அரைத்தாலும் சுவை மாறாமல் நிறம் நிற்கும்.

மறுநாள் குளிர்பெட்டியில் அல்வா மாதிரி உறைந்திருக்கிறது

கெடவில்லை. டொமாட்டியோவில் பெக்டின் அதிகம், குளிர்ந்தால் இறுகும். கரண்டியால் கலக்கி ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டால் இளகிவிடும்.

கிரீம் ஊற்றியதும் திரிந்துவிட்டது

கொதிக்கும் புளிப்பில் பால்பொருள் விழுந்தால் திரியத்தான் செய்யும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் கெட்டிக் கிரீமை முதலில் ஒரு கரண்டிச் சாறோடு கலந்து, பிறகு ஊற்றுங்கள். தயிர் சேர்ப்பவர்களுக்கும் இதுவேதான்.

பருப்போடு போட்டு வேகவைத்தேன், பருப்பு விதை விதையாகவே நிற்கிறது

டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் நம்மவர்கள் டொமாட்டியோவைப் பருப்புக்கும் தொக்குக்கும் புளிக்குப் பதிலாகப் போடுகிறார்கள். நல்ல யோசனை, எனக்கும் பிடித்தது. ஆனால் குக்கரில் பருப்பு, டொமாட்டியோ இரண்டையும் ஒன்றாகப் போட்டால் காயின் அமிலம் பருப்பின் தோலையும் சதையையும் இளக விடாது. எத்தனை விசில் விட்டாலும் மையாது. துவரம்பருப்பைத் தனியாகக் குழைய வேகவையுங்கள். டொமாட்டியோவை நாலாக வெட்டி, கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, பெருங்காயம் தாளித்த எண்ணெயில் மஞ்சளும் உப்பும் போட்டுக் குழைய வதக்குங்கள். அப்புறம் பருப்பை அதில் சேர்த்து ஒரு கொதி. முக்கால் கோப்பைப் பருப்புக்கு ஐந்தாறு காய் போதும். புளியே வேண்டாம்.

ஏற்கெனவே சேர்த்து வேகவைத்துவிட்டவர்களுக்கு: அதையே தொடர்ந்து கொதிக்க விடுவதைவிட, ஆறியதும் மத்தால் கடைந்து, வேறு பருப்பு கொஞ்சம் தனியாக வேகவைத்துக் கலப்பது நல்லது.

தொக்குக்கு ஒரு குறிப்பு. தக்காளித் தொக்கைவிட இதில் நீர் சீக்கிரம் வற்றும், பெக்டினால் அடிபிடிக்கும். நல்லெண்ணெய் தாராளமாக, தீ மிதமாக, கரண்டியைக் கீழே வைக்காமல் கிண்டுங்கள்.

ஜாடியில் அடைத்து வைக்கலாமா? மூடி உப்பியிருக்கிறதே?

மூடி உப்பியிருந்தால் ருசிகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். ஜாடியில் அடைப்பதில் மட்டும் கைக்கணக்கு கூடாது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் தேசிய மையம் டொமாட்டியோவுக்கென்றே சோதித்த முறை வைத்திருக்கிறது. காய் புளிப்பாக இருந்தாலும் ஒரு பைன்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்) ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு, அல்லது கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இரண்டு பைன்ட் கொள்ளும் குவார்ட் ஜாடிக்கு இரட்டிப்பு. கொதிநீரில் மூழ்கவைத்து, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரத்துக்குள் இருப்பவர்கள் பைன்டுக்கு 40 நிமிடம், குவார்ட்டுக்கு 45 நிமிடம் வைக்க வேண்டும். டென்வர் போன்ற உயர்ந்த ஊர் என்றால் நேரம் கூடும். புதிதாகப் பிழிந்த எலுமிச்சையில் அமில அளவு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால்தான் பாட்டில் சாறு என்கிறார்கள். வெங்காயம், மிளகாய் சேர்த்த சல்சாவாக அடைப்பதென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குத் தனிச் செய்முறை இருக்கிறது. அதில் காய்கறி அளவைக் கூட்டாமல் அப்படியே செய்யுங்கள். நம் தொக்கு எந்தச் சோதித்த முறையிலும் இல்லை. அதைக் குளிர்பெட்டியிலோ உறைபெட்டியிலோ மட்டும் வையுங்கள்.

அடுத்த வருடம் பாத்தி முழுக்கத் தானாக முளைக்கிறது

விழுந்த காய்களை விட்டுவைத்தால் அப்படித்தான் முளைக்கும். ஒரு காய்க்குள் அத்தனை விதை! எங்கள் பக்கம் மார்ச் நடுவில் கடைசி உறைபனி போனதும் முளை தெரியும். அவற்றில் வேறு வேறு இடத்தில் முளைத்த நான்கைந்து நாற்றை மட்டும் மூன்றடி இடைவெளியில் நட்டு, மற்றதைக் களையோடு எடுத்துவிடலாம். ஊதாவும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு முளைப்பது கலப்புதான், காயின் நிறமும் அளவும் கலந்து வரும். அதே ரகம்தான் வேண்டும் என்றால் புது விதை வாங்கி, கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வீட்டுக்குள் நாற்று விடுங்கள். 75 டிகிரி பாரன்ஹீட் வெதுவெதுப்பில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.